"உங்க வண்டிக்கு மட்டும்தான் சார்!"

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"வெற்றிக்கு வழி" என்று ஏதாவது பேசச் சொன்னார் செயலாளர். அதைப் பேச இங்கே என்னைவிடத் தகுதியானவர்கள் பலர் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது வண்டியும் வண்டியில் வரும் கோளாறும்தான், அதைப் பேசட்டுமா என்று கேட்டேன். "சரிப்பா, சாப்பாட்டுக்கு முன்னால முடிச்சிரு" என்று அனுமதி கொடுத்தார்.

பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்துப் பார்க்கிற நண்பனிடம் வேலை, பிள்ளைகள், அப்பா அம்மா உடம்பு என்று விசாரித்து முடித்ததும் அடுத்த கேள்வி, "உன் வண்டி எப்படி? சர்வீஸ் எங்க விடுற?" என்பதுதான். அப்புறம் அரை மணி நேரம் போவதே தெரிவதில்லை. ஒவ்வொருவரிடமும் ஒரு கதை இருக்கிறது. நான் கேட்ட கதைகளில் கம்பெனி வேறு, மாடல் வேறு, ஊர் வேறு. ஆனால் ஒரு வசனம் மட்டும் எல்லாக் கதையிலும் வருகிறது. "இது உங்க வண்டிக்கு மட்டும்தான் சார். வேற யாரும் இப்படி கம்ப்ளெயிண்ட் சொன்னதில்ல." இந்த ஒரு வசனத்தைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

நான் சென்னைப் பக்கம் கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில், வாரண்டியில் கழற்றித் திருப்பி அனுப்பப்படும் பாகங்களைப் பிரித்துப் பார்க்கும் பிரிவில் வேலை செய்கிறேன். ஒவ்வொரு பாகத்தோடும் ஒரு சீட்டு வரும். சேஸிஸ் நம்பர், வண்டி விற்ற தேதி, ஓடிய கிலோமீட்டர், ஓனர் சொன்ன குறை, எந்த ஊர் டீலர் என்று எல்லாம் அதில் இருக்கும். இவற்றை மாதவாரியாக அடுக்கினால், நம் பேராசிரியர்கள் போர்டில் வரைந்த அந்தத் தொட்டி வடிவக் கோடு நிஜமாகவே கண்முன் வந்து நிற்கும். ஆரம்பத்தில் கொஞ்சம் பழுது, நடுவில் நெடுங்காலம் அமைதி, கடைசியில் தேய்மானம். திடீரென்று ஒரு குறிப்பிட்ட மாதத்தில் தயாரான பாகங்கள் மட்டும் அதிகமாகத் திரும்பி வந்தால், அந்த மாதம் அச்சு தேய்ந்ததா, கிரீஸ் மாறியதா, பொருள் கொடுத்தவர் மாறினாரா என்று தேடுவோம். அநேகமாக ஒரு காரணம் அகப்படும். ஒரே அச்சில், ஒரே லைனில், ஒரே கைகள் பூட்டிய பாகத்தில் வரும் குறை ஒரே ஒரு வண்டியோடு நிற்பது அபூர்வம்.

ஆக, கம்பெனிக்கு லட்சம் வண்டிகளின் விவரம் தெரியும். டீலருக்குத் தன் வாசலுக்கு வந்த வண்டிகள் தெரியும். ஓனருக்குத் தெரிந்தது தன்னுடைய ஒரே ஒரு வண்டி. "உங்களுக்கு மட்டும்தான்" என்று சொன்னால் அவர் எதை வைத்து மறுப்பார்?

எட்டயபுரத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிற என் மாமாவின் கதையைச் சொல்கிறேன். கம்பெனி பெயரும் டீலர் பெயரும் வேண்டாம். புது வண்டி வாங்கி எட்டாவது மாதம், ஸ்டியரிங்கில் 'டக் டக்' என்று ஒரு சத்தம். அதுவும் விளாத்திகுளம் பக்கம் கிராமத்து ரோட்டில் போனால்தான் வரும். திருநெல்வேலி சர்வீஸ் சென்டருக்குப் போக 70 கிலோமீட்டர், வர 70. கடையைச் சாத்திவிட்டு மூன்று தடவை போனார். அவர்கள் வண்டியை எடுத்து நான்கு வழிச்சாலையில் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்து, சத்தம் வரவில்லை, பழுது இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். நான்கு வழிச்சாலையில் அது எப்படி வரும்? மின்சார ஸ்டியரிங்கில் மோட்டாரையும் தண்டையும் இணைக்கும் வார்ம் கியரில் இடைவெளி கொஞ்சம் கூடினால் குலுங்குகிற ரோட்டில்தான் தட்டும். வழவழப்பான ரோட்டில் ஊமையாக இருக்கும். மாமா என்னிடம், "ஏம்ப்பா, நீ இதுக்குத்தானே படிச்ச? எனக்குக் காதுதான் கெட்டுப்போச்சா?" என்று கேட்டார்.

அப்புறம் விளாத்திகுளத்தில் ஒரு கல்யாணம். மண்டபத்துக்கு வெளியே அதே மாடல் வண்டி இன்னும் இரண்டு நின்றிருக்கின்றன. மாமா சும்மா இருப்பாரா? இலையில் உட்காருவதற்கு முன்னால் இரண்டு ஓனர்களையும் தேடிப் பிடித்துவிட்டார். ஒருவர் அருப்புக்கோட்டை, ஒருவர் நாகலாபுரம். இரண்டு பேருக்கும் அதே சத்தம், இரண்டு பேரும் வேறு வேறு டீலரிடம் அதே வசனத்தைக் கேட்டவர்கள். வண்டி வாங்கிய தேதிகளில் இரண்டு மாதத்துக்குமேல் வித்தியாசமில்லை. மூன்று பேருடைய ஜாப் கார்டு நகல்களையும் சேர்த்துக் கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கு ஒரே கடிதமாக அனுப்பினார்கள். மூன்று வாரத்தில் மூன்று வண்டிக்கும் ஸ்டியரிங் காலத்தை வாரண்டியிலேயே மாற்றிக் கொடுத்தார்கள். மாமா தனியாக மூன்று முறை போய் நடக்காதது, மூன்று பேர் சேர்ந்து ஒருமுறை எழுதியதும் நடந்தது.

சர்வீஸ் சென்டர்காரர்கள் எல்லோரும் பொய்யர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. நம் ஜூனியர்கள் பலர் அங்கேதான் வேலை பார்க்கிறார்கள், அவர்கள் பாடு எனக்குத் தெரியும். புது வண்டி விற்பதில் டீலருக்கு நிற்கும் லாபம் மெலிது. கடையின் வாடகையும் சம்பளமும் ஓடுவது சர்வீஸிலும் ஸ்பேரிலும் இன்சூரன்ஸிலும்தான். அதனால் அட்வைசருக்கு மாதாமாதம் டார்கெட். எஞ்சின் உள்ளே சுத்தம், ஏ.சி.க்கு மருந்து, பெயிண்டுக்குப் பாலிஷ் என்று பில்லில் இரண்டு மூன்று வரி ஏற்றியாக வேண்டும். 'இலவச சர்வீஸ்' என்பதில் லேபர் மட்டும்தான் இலவசம், ஆயிலும் ஃபில்டரும் நம் காசு என்பது முதல் பில்லைப் பார்த்த பிறகுதான் பலருக்குத் தெரிகிறது. வாரண்டி வேலைக்குக் காசு கொடுப்பது கம்பெனி. பாகத்தை மாற்றிவிட்டு டீலர் கிளெய்ம் அனுப்ப வேண்டும். கம்பெனி நிராகரித்தால் செலவு டீலர் தலையில். கம்ப்யூட்டரில் கோடும் வராத, டெஸ்ட் டிரைவில் சத்தமும் வராத ஒரு குறைக்கு ஸ்டியரிங் காலத்தைக் கழற்ற எந்த அட்வைசருக்குத் தைரியம் வரும்? "உங்க வண்டிக்கு மட்டும்தான்" என்பது பாதி நேரம் அவர் பயத்தில் சொல்வது. அவருக்கும் உண்மையிலேயே தெரியாமல் இருக்கலாம்.

கம்பெனிக்குத் தெரியும் என்றேன் அல்லவா? தெரிந்ததை அது டீலர்களுக்கு ஒரு தொழில்நுட்பச் சுற்றறிக்கையாக அனுப்பும். 'இந்தச் சேஸிஸ் நம்பர் முதல் இந்த நம்பர் வரை, இப்படிச் சத்தம் வந்தால் இந்தப் பாகத்தை மாற்றவும்' என்று இருக்கும். அமெரிக்காவில் இந்தச் சுற்றறிக்கைகளின் நகலைக் கம்பெனிகள் அரசின் சாலைப் பாதுகாப்புத் துறைக்குக் கொடுத்தாக வேண்டும். ஓனர்கள் கொடுத்த புகார்களோடு சேர்த்து அதை யாரும் படிக்கலாம். ஜெர்மனியில் ஏ.டி.ஏ.சி. என்ற மோட்டார் சங்கம், ரோட்டில் நின்றுபோன வண்டிகளுக்கு உதவப்போகும் தன் மெக்கானிக்குகளின் குறிப்புகளைத் தொகுத்து, எந்த மாடல் எத்தனை முறை நின்றது என்று 1978 முதல் வெளியிட்டு வருகிறது. நம் ஊரில் அப்படி ஒரு கணக்கு இல்லை. டீக்கடையும் கல்யாண மண்டபமும்தான் நமக்கு ஏ.டி.ஏ.சி.

ஒரு காலத்தில் இதற்கு அவசியமே இருக்கவில்லை. அம்பாசிடரையும் ஃபியட்டையும் ஓட்டிய பெரியவர்களைக் கேளுங்கள். புது வண்டியை ஷோரூமிலிருந்து எடுத்ததும் நேரே பட்டறைக்குக் கொண்டுபோய் நட்டு போல்டெல்லாம் முறுக்கிய பிறகுதான் கோயிலுக்கே பூஜைக்குப் போவார்களாம். அம்பாசிடரில் ஹார்னைத் தவிர எல்லாம் சத்தம் போடும் என்பார்கள். ஆனாலும் அதன் விவரம் முழுவதும் ஊருக்குத் தெரிந்திருந்தது. கோவில்பட்டியில் லாரி பட்டறையில் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்து வளர்ந்த பையன்கூட அதன் கார்ப்புரேட்டரைக் கழற்றி மாட்டிவிடுவான். வண்டி சுமார், ஆனால் அதன் ரகசியம் எல்லோருக்கும் சொந்தம்.

நம் தமிழ்நாட்டிலேயே ஸ்டாண்டர்டு மோட்டார்ஸ் இருந்தது; 1961ல் ஹெரால்டு விட்டார்கள், நல்ல பெயர் வாங்கியது. அதே கம்பெனி 1985ல் 'ஸ்டாண்டர்டு 2000' விட்டது. உடம்பு இங்கிலாந்தின் ரோவர், உள்ளே பழைய காலத்து எஞ்சின். பெட்ரோல் குடித்த குடியைப் பார்த்து, வாங்கியவர்களே நாலு பேரிடம் சொன்னார்கள். சில வருடங்களில் உற்பத்தியே நின்றுவிட்டது. விளம்பரம் எவ்வளவு செய்தாலும், ஓனர் வாய்ச்சொல்லைத் தாண்டி ஒரு வண்டி பிழைத்ததில்லை. அந்தப் பக்கம் 1983 டிசம்பர் 14ல் முதல் சாவியைக் கொடுத்த மாருதி, காலையில் ஸ்டார்ட் ஆகும் வண்டி என்ற ஒன்றை நமக்கு அறிமுகம் செய்தது. எந்தச் சின்ன ஊருக்கும் சர்வீஸும் ஸ்பேரும் வரும் என்ற நம்பிக்கையையும் கூடவே கொடுத்தது. அந்தக் கம்பெனி இன்றுவரை விற்பனையில் முன்னால் நிற்பதற்கு எஞ்சினைவிட இதுதான் பெரிய காரணம் என்பது என் அபிப்பிராயம்.

நல்ல வண்டிகள் வந்தன. கூடவே ரகசியமும் பூட்டப்பட்டது. கார்ப்புரேட்டர் போய் கம்ப்யூட்டர் வந்தது. ஸ்கேனர் இல்லாமல் கோளாறைப் படிக்க முடியாது, கோட் போடாமல் புதுச் சாவி வேலை செய்யாது, ஒரிஜினல் பாகம் வெளிக்கடையில் கிடைக்காது. 2011ல் ஷம்ஷேர் கட்டாரியா என்பவர் இதைப் பற்றி இந்தியப் போட்டி ஆணையத்துக்கு ஒரு தகவல் மனு கொடுத்தார். மூன்று கம்பெனிகள் மேல் கொடுத்த மனு. விசாரிக்கப் போனால் எல்லாக் கம்பெனியும் அதையேதான் செய்கிறது என்று தெரிந்து விசாரணை விரிந்தது. 2014 ஆகஸ்டு 25ல் 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம். ஸ்பேரை வெளிச்சந்தையில் விற்க வேண்டும், பழுது பார்க்கும் விவரங்களையும் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குத் தர வேண்டும், வெளியே வேலை பார்த்த ஒரே காரணத்துக்காக வாரண்டியை மொத்தமாக ரத்து செய்யக் கூடாது என்று உத்தரவு. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின, சிலருக்கு 2016ல் அபராதத் தொகை குறைந்தது. இருந்தாலும், தனி மனிதர் ஒருவரின் மனு 14 கம்பெனிகள் வரை போனதைத் தம்பிகள் கவனிக்க வேண்டும். 2022ல் மத்திய நுகர்வோர் துறை 'பழுது பார்க்கும் உரிமை' என்று குழு போட்டு, அதே வருடம் டிசம்பரில் ஒரு இணையதளமும் திறந்தது. மோட்டார் வாகனங்களும் அதில் ஒரு பிரிவு.

கம்பெனியே மூட்டை கட்டிக்கொண்டு போனால்? 2017 முடிவில் செவர்லே விற்பனையை நிறுத்தியது. 2021 செப்டம்பரில் ஃபோர்டு இங்கே கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. மறைமலைநகரில் 2022ல் கடைசி வண்டி இறங்கியது. சர்வீஸும் ஸ்பேரும் தொடரும் என்று இரண்டு கம்பெனியும் சொன்னன. இங்கேயே நம் நண்பர்கள் சிலர் இன்றும் அந்த வண்டிகளைச் சந்தோஷமாக ஓட்டுகிறார்கள். அவர்களிடம் எப்படி என்று கேட்டால், எந்தக் கடையில் எந்தப் பாகம் கிடைக்கும், எந்த மெக்கானிக்குக் கை பழகியிருக்கிறது என்று மடமடவென்று சொல்கிறார்கள். கம்பெனி போன பிறகு ஓனர்களே ஒருவருக்கொருவர் சர்வீஸ் சென்டராகி விட்டார்கள்.

இனி நம் மண்ணுக்கு வருகிறேன். கையேட்டில் 'கடுமையான உபயோகம்' என்று ஒரு அட்டவணை கடைசிப் பக்கங்களில் இருக்கும். தூசி மிகுந்த ரோடு, அடிக்கடி குறுகிய தூரம், கடும் வெயில் என்றால் ஃபில்டரையும் ஆயிலையும் சீக்கிரமே மாற்று என்று அதில் போட்டிருக்கும். கரிசல் காட்டில் சித்திரை வைகாசியில் வண்டி ஓட்டுவது இதில் எல்லாவற்றிலும் சேரும். இந்த மண்ணின் தூசி மாவு மாதிரி; ஏர் ஃபில்டரைத் தட்டினால் கறுப்பாகக் கொட்டும். ஐப்பசி கார்த்திகையில் நேர்மாறு. மண் உப்பிக்கொண்டு ரோடே அலை அலையாக எழும்பும். சேறு மட்கார்டுக்குள் அப்பிக் காய்ந்தால் சிமெண்டுதான். அடியில் தண்ணீர் வடியும் ஓட்டைகளை அடைத்துத் துருப்பிடிக்க வைக்கும். லிங்க் ராடும் புஷ்ஷும் முதலில் போவது அந்த அலை ரோட்டால். இதெல்லாம் ஹரியானாவிலோ ஸ்ரீபெரும்புதூரிலோ அட்டவணை எழுதுகிறவருக்கு நாம் சொன்னால்தானே தெரியும்? வேடிக்கை என்னவென்றால், தேவையில்லாத எஞ்சின் சுத்தத்தை விற்கிற அதே கவுண்டரில், "ஏர் ஃபில்டரை இப்பவே மாத்துங்க" என்று நாம் கேட்டால், "இன்னும் கிலோமீட்டர் ஆகல சார்" என்பார்கள்.

இன்னொன்று, 2020 ஏப்ரலுக்குப் பிந்தைய பி.எஸ்.6 டீசல் வண்டி. புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் ஃபில்டர் ஒன்று இருக்கிறது. அது தன் கரியைத் தானே எரித்துக்கொள்ள வண்டி நல்ல சூட்டில், சீரான வேகத்தில் கொஞ்ச நேரம் ஓட வேண்டும். வீட்டிலிருந்து கடைக்கும் கடையிலிருந்து வீட்டுக்கும் மட்டும் ஓட்டினால் விளக்கு எரியும். இந்தப் பக்கத்தில் டீசல் வாங்கியவர்கள் வாரம் ஒருமுறை தூத்துக்குடி ரோட்டிலோ மதுரை ரோட்டிலோ ஒரு ஓட்டம் விட்டு வாருங்கள். விற்கும்போது இதை யாரும் சொல்வதில்லை.

வெளி மெக்கானிக் எல்லோரும் உத்தமர் என்றும் நான் சொல்ல மாட்டேன். டூப்ளிகேட் பிரேக் பேடை ஒரிஜினல் டப்பாவில் போட்டுக் கொடுப்பவரும் உண்டு. எரிகிற விளக்கைப் பேட்டரி வயரைக் கழற்றி அணைத்துவிட்டு, "சரியாப் போச்சு அண்ணாச்சி" என்று காசு வாங்குபவரும் உண்டு.

சட்டத்தைப் பற்றி நாலு வார்த்தை. 2006ல் மாருதி சம்பந்தமான ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம், வாரண்டி என்பது பழுதான பாகத்தைச் சரிசெய்யவோ மாற்றவோதான், அதற்காக வண்டியையே மாற்றித் தர உத்தரவிட முடியாது என்றது. 2021ல் டாடா மோட்டார்ஸ் வழக்கில், பழைய வருடத்து வண்டியைப் புதிது என்று டீலர் விற்றதற்கு, அது தெரியாத கம்பெனியைப் பொறுப்பாக்க முடியாது என்றது. நாம் கம்பெனியும் டீலரும் ஒன்று என்று நினைக்கிறோம். சட்டம் இரண்டாகப் பார்க்கிறது. ஆகவே கடிதம் எழுதினால் இரண்டு பேருக்கும் எழுதுங்கள். 2019ம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் அமலுக்கு வந்த பிறகு, நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். எட்டயபுரத்துக்காரர் தூத்துக்குடியிலேயே போடலாம், டீலர் எந்த ஊரில் இருந்தாலும். காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். அங்கே பேசப்போவது நம் கோபமல்ல, ஜாப் கார்டு. குறையை அட்வைசர் தன் பாஷையில் 'ஜெனரல் செக்கப்' என்று எழுதினால் கையெழுத்துப் போடாதீர்கள். "ஸ்டியரிங்கில் சத்தம், கிராமத்து ரோட்டில், இரண்டாம் கியரில்" என்று உங்கள் வார்த்தையிலேயே எழுதச் சொல்லுங்கள். டெஸ்ட் டிரைவுக்குக் கூடவே ஏறிக்கொள்ளுங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டுப் பாருங்கள்; வாரண்டியில் மாற்றியது என்றால் அது கம்பெனிக்குப் போகும், காசு கொடுத்து மாற்றியது நம்முடையது.

பாதுகாப்பு சம்பந்தமான குறையென்றால் வண்டிகளைக் கம்பெனி திரும்ப அழைக்க வேண்டும். 2012ல் கம்பெனிகள் தாமாகவே இதற்கு ஒரு நெறிமுறை வைத்துக்கொண்டன. 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் அரசுக்கே அந்த அதிகாரத்தைக் கொடுத்தது. விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் அமல். ஏழு வருடத்துக்கு உட்பட்ட வண்டிகளுக்கு, ஒரே குறையைப் பற்றி எத்தனை ஓனர்கள் புகார் பதிந்தார்கள் என்ற எண்ணிக்கைதான் அங்கே அளவுகோல். அலுத்துக்கொண்டு பேசாமல் இருந்த ஓனர் அந்தக் கணக்கில் வரவே மாட்டார். செகண்ட் ஹேண்டில் வாங்கியவர்களுக்கு ஒரு வார்த்தை. திரும்ப அழைக்கும் கடிதம் பழைய ஓனர் விலாசத்துக்குப் போயிருக்கலாம். ஆர்.சி.யில் இருக்கும் சேஸிஸ் நம்பரைக் கம்பெனி இணையதளத்தில் போட்டுப் பாருங்கள், ஐந்து நிமிட வேலை.

செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார், முடித்துவிடுகிறேன். மெக்கானிக்கல் துறைத் தலைவரிடம் பேசியிருக்கிறேன். ஒரு பெரிய நோட்டு வைத்திருக்கிறோம். மாடல், தயாரித்த மாதம், ஓடிய கிலோமீட்டர், என்ன குறை, எந்த ரோட்டில் வந்தது, எப்படிச் சரியானது, எவ்வளவு செலவு என்று கோடு போட்டிருக்கிறது. ஓனர் பெயர் வேண்டாம், டீலரைத் திட்டவும் இடம் விடவில்லை. குறை இல்லாத வண்டியையும் எழுதுங்கள். அது இல்லாமல் கணக்கு நிற்காது. மூன்றாம் ஆண்டுத் தம்பி தங்கைகள் இதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாடல்வாரியாகப் பிரித்துச் சங்கத்துக்குத் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். தொட்டி வளைவைப் புத்தகத்தில் பார்ப்பதைவிடக் கரிசல் ரோட்டு வண்டிகளை வைத்து அவர்களே போடட்டும். மாமாவும் அந்த இரண்டு நண்பர்களும் தங்கள் விவரத்தை எழுதி அனுப்பிவிட்டார்கள். முதல் மூன்று வரிகள் அவர்களுடையவை. நோட்டு ஆட்டோமொபைல் லேப் வாசலில் மேஜை மேல் சாயங்காலம் நாலு மணிவரை இருக்கும். பேனாவைக் கயிறு கட்டித்தான் வைத்திருக்கிறேன். சாப்பிட்டுவிட்டு எல்லோரும் அந்தப் பக்கமாக வாருங்கள்.